சுவர் நகர்கிறதா? நார்த்தாமலை முதல் பைசா வரை

நார்த்தாமலை மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீச்சரத்தைப் பார்க்காத புதுக்கோட்டைக்காரர் குறைவு. அதன் வாயிற்பக்கத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டிய கற்றளி மழையால் இடிந்துபோனதையும், மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்ததையும் அது சொல்கிறது. ஏறத்தாழ 1100 ஆண்டுக்கு முந்தைய சேதி. கட்டியவர் பெயர் இருக்கிறது, இடிந்த காரணம் இருக்கிறது, சீர்செய்தவர் பெயரும் இருக்கிறது. ஒன்றுதான் இல்லை. அந்தக் கோயில் ஒரே மழையில் சரிந்ததா, அல்லது பல மழைக்காலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே வந்து கடைசி மழையில் விழுந்ததா?

கொடும்பாளூர் மூவர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பூதி விக்கிரமகேசரி தனக்கும் தன் தேவியர் இருவருக்கும் எடுத்த மூன்று விமானங்களில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். ஒரே காலத்தில், ஒரே மண்ணில், ஒரே கையால் கட்டியவை. ஒன்று போய் இரண்டு நின்றது ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

கட்டடம் சொல்லாமல் விழாது என்று வேலைத்தளங்களில் ஒரு பேச்சு உண்டு. பொதுப்பணித்துறையில் கட்டடப் பக்கம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை நானும் நம்புகிறேன். ஆனால் அது சொல்லும் மொழி மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். காதால் கேட்கிற மொழி இல்லை, அளந்து கேட்க வேண்டிய மொழி. அப்படி அளக்கும் வித்தை எப்படி வளர்ந்தது, அதில் நம் பக்கத்து ஊரான தஞ்சாவூருக்கு என்ன பங்கு, நம் மாவட்டத்துக் கோயில்களுக்கு அதனால் என்ன பயன் என்பதைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

கொத்தனார் கையில் இருந்தவை

தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம். இந்த மூன்றும் இல்லாத கொத்தனார் பையை நான் பார்த்ததில்லை. இவற்றோடு தண்ணீர் நிரப்பிய நீளமான ரப்பர் குழாய் ஒன்று. அதன் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதை வைத்து, வீட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மட்டம் கடத்துவார்கள். காசு அதிகம் ஆகாத, பொய் சொல்லாத கருவி அது.

உயரமான சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டே போதும். மேலிருந்து நூலை விட்டு, காற்றில் குண்டு ஆடாமல் இருக்க அதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளப்பார்கள். வித்தியாசம் எவ்வளவோ, சாய்வு அவ்வளவு.

இங்கேதான் சிக்கல். 60 அடிக் கோபுரம் ஒன்று 2 அங்குலம் வெளியே தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கட்டும்போதே அப்படிக் கட்டப்பட்டதா? 300 வருடத்துக்கு முன்பு அஸ்திவாரம் இறுகியபோது சாய்ந்து, அதன்பின் அசையாமல் நிற்கிறதா? இல்லை, போன ஐப்பசி மழையில் சாய ஆரம்பித்ததா? முதல் இரண்டானால் நிம்மதியாக இருக்கலாம். மூன்றாவதானால் அன்றைக்கே கீழே நிற்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும். 2 அங்குலம் என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு மூன்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. போன வருடம் எவ்வளவு இருந்தது என்ற இன்னொரு எண் வேண்டும்.

ஆக, கட்டடம் நகர்வதை அளக்க இரண்டு விஷயம் தேவை. ஒன்று, முன்பே எடுத்து வைத்த அளவு. இரண்டு, கட்டடத்துக்கு வெளியே, அதனோடு சேர்ந்து நகராத ஒரு புள்ளி. கருவி எவ்வளவு நவீனமானாலும் இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது பொம்மைதான்.

தஞ்சாவூரில் அடிபட்ட கருவி

தூரத்தில் நின்றபடியே ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லும் முறை நம் நாட்டில் பெரிய அளவில் தொடங்கியது சென்னையில். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே இமயம் வரை போனதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை.

கோணம் அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட் லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்தது. அரை டன் எடை. 3 அடி விட்டமுள்ள பித்தளை வட்டம். அது கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தது தனிக்கதை.

1808-இல் லாம்ப்டன் காவிரிப் படுகைக்கு வந்தார். குன்றும் மலையும் இருக்கும் இடத்தில் உச்சியில் ஏறி நின்றால் அடுத்த உச்சி தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கே குன்று? எங்கு பார்த்தாலும் தட்டையான வயல், இடையிடையே தென்னையும் பனையும். ஆகவே கோயில் கோபுரங்களையே குன்றாக வைத்துக்கொண்டார். பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. அரை டன் கருவி கட்டடத்தின் பக்கவாட்டில் மோதி, அதன் பித்தளை வட்டம் நெளிந்துவிட்டது.

இதற்குமேல் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. வேறொருவராயிருந்தால் புதுக் கருவி வரும்வரை வேலையை நிறுத்தியிருப்பார். லாம்ப்டன் கருவியைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். ஒரு கூடாரத்துக்குள் வேலையாட்களுடன் அடைந்துகொண்டார். பெரிய சமதளப் பலகையில் வட்டம் இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு கோடு வரைந்து, அதன்மேல் நெளிந்த பித்தளையை வைத்து, ஆப்பும் திருகும் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆறு வாரத்தில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கருவி அதற்குப் பிறகும் பல ஆண்டு வேலை செய்தது.

யோசித்துப் பாருங்கள். நெளிந்த ஒன்றைச் சரிசெய்ய அவருக்குத் தேவைப்பட்டது நெளியாத ஒரு வட்டம். பலகையில் வரைந்த அந்தக் கோடு இல்லாவிட்டால் எங்கே எவ்வளவு நெளிந்திருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. நான் மேலே சொன்ன நகராத புள்ளியும் இதுவும் ஒரே தத்துவம்தான்.

நில அளவையில் கோபுரத்தை நகராத புள்ளியாக வைத்து நாட்டை அளந்தார்கள். கட்டடக் கண்காணிப்பில் அதையே திருப்பிப் போடுகிறோம். தரையில் இரண்டு நகராத தூண்களை வைத்து, அங்கிருந்து கோபுரத்தின்மேல் உள்ள ஒரு குறியின் கோணத்தை அளக்கிறோம். ஆறு மாதம் கழித்து அதே தூண்களில் கருவியை வைத்து அதே குறியை மறுபடி அளக்கிறோம். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு விநாடி என்று பெயர். 100 மீட்டர் தூரத்தில் ஒரு விநாடிக் கோணம் என்பது அரை மில்லிமீட்டர். நல்ல தியோடலைட்டால் அந்த அளவு வரை பார்க்க முடியும். கோபுரத்தைத் தொடாமல், சாரம் கட்டாமல், தெருக்கோடியில் நின்றபடியே அரை மில்லிமீட்டர்!

எது நகராதது?

பக்கவாட்டுச் சாய்வைப் பற்றிச் சொன்னேன். கீழே அமிழ்வது இன்னொரு விஷயம். அதற்கு லெவல் எடுப்பது என்பார்கள். என் காலத்தில் டம்பி லெவலும் ஸ்டாஃபும்தான். கருவியின் குழாய் வழியாகப் பார்த்தால் ஸ்டாஃபில் எத்தனையாவது கோட்டில் பார்வை மோதுகிறதோ, அதுதான் கணக்கு. சாதாரண வேலைக்கு அது மில்லிமீட்டர் வரை ஒருமாதிரி சொல்லும். கட்டடம் அமிழ்வதைப் பார்க்க அது பற்றாது. இன்வார் என்ற உலோகத்தில் செய்த ஸ்டாஃப் வேண்டும். இரும்பும் நிக்கலும் கலந்த அந்த உலோகம் வெயிலில் கிட்டத்தட்ட நீளவே நீளாது. 1896-இல் அதைக் கண்டுபிடித்த சார்ல் எதுவார் கியோம் என்பவருக்கு 1920-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீளாத ஒரு அளவுகோல் கிடைப்பது அவ்வளவு பெரிய விஷயம்.

லெவல் எடுப்பவருக்கு ஒரு கட்டாயம் உண்டு. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து கணக்கை மூட வேண்டும். தொடக்கத்தில் இருந்த எண்ணும் முடிவில் வந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் அத்தனையும் பிழை. கட்டடம் 2 மில்லிமீட்டர் அமிழ்ந்தது என்று சொல்லும் ஏட்டில் மூடும் பிழை 3 மில்லிமீட்டர் என்றிருந்தால், அந்த ஏட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அளப்பதே முறை.

தொடங்கும் இடத்துக்குப் பெயர் பெஞ்ச் மார்க். பழைய பாலங்களிலும் கோயில் படிகளிலும் அரசுக் கட்டடங்களின் அடிப்பகுதியிலும் ஜி.டி.எஸ். என்ற எழுத்தும் ஒரு கோடும் செதுக்கியிருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். அந்த அளவை காலத்துக் குறிகள் அவை. அவற்றின் உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டது. எந்தக் கடல்மட்டம் என்றால், இந்தியக் கரையோரம் ஒன்பது துறைமுகங்களில் ஆண்டுக்கணக்காக அலையின் ஏற்றஇறக்கத்தை அளந்து சராசரி எடுத்து, 1909-இல் முடிவு செய்தார்கள். அந்த ஒன்பதில் நம் நாகப்பட்டினமும் ஒன்று. ரயில் நிலைய மஞ்சள் பலகையில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கணக்கின் வேர் இதுதான்.

கட்டடத்தைக் கண்காணிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே, ஆனால் கட்டடத்தின் பாரம் தாக்காத தூரத்தில், அசையாத ஒன்று இருந்தால் போதும். இந்த விஷயத்தில் புதுக்கோட்டைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கும்பகோணத்திலும் திருவாரூரிலும் வண்டல் மண். அங்கே நகராத புள்ளி வேண்டுமென்றால் ஆழத் துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டும். நமக்கோ திருக்கோகர்ணம், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம், சித்தன்னவாசல், விராலிமலை என்று கோயிலும் கோட்டையும் பாறைமேலோ பாறைக்குப் பக்கத்திலோ இருக்கின்றன. வெறும் பாறையில் ஒரு பித்தளைக் குமிழைப் பதித்துவிட்டால் நம் பேரன் காலத்துக்கும் அது நிற்கும். அறந்தாங்கி, மணமேல்குடி என்று கிழக்கே போகப்போகத்தான் இந்த வசதி குறைகிறது.

வெயிலும் மழையும் செய்யும் வேலை

கல் அசையாது என்று நாம் நினைக்கிறோம். அசையும். 30 மீட்டர் உயரக் கருங்கல் கட்டடம் 10 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் கூடும். காலை வெயில் கிழக்கு முகத்தில் அடிக்கும்போது அந்தப் பக்கம் நீண்டு, கோபுரம் மேற்கே ஒரு மயிரிழை வளையும். மாலையில் மறுபடி கிழக்கே. தினமும் இது நடக்கிறது. இதைத் தெரியாமல் ஒருவர் காலை 9 மணிக்கு அளந்து, அடுத்த முறை மாலை 4 மணிக்கு அளந்தால், கோபுரம் சாய்கிறது என்று ஊரைக் கூட்டிவிடுவார். மதிய நேரத்தில் தரையிலிருந்து கானல் எழுவதால் பார்வையே நடுங்கும். ஆகவே விடியற்காலையில், எப்போதும் ஒரே நேரத்தில் அளப்பது வழக்கம்.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி கார்த்திகையில் தூக்கப்படும் சுவர் சித்திரை வைகாசியில் இறங்கும். அதனால் விரிசல் ஒன்று மழைக்காலத்தில் மூடிக்கொள்வதும் கோடையில் திறந்துகொள்வதும் இயல்பு. ஒரு முழு வருடமாவது அளந்தால்தான் மூச்சு விடுவது எது, முறிவது எது என்று பிரிக்க முடியும். வருடா வருடம் திறந்து மூடி அதே அகலத்துக்குத் திரும்பினால் கவலையில்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் மீதி வைத்துவிட்டு மூடினால், அந்த மீதிதான் ஆபத்து.

விரிசலைப் பார்க்க என் காலத்தில் கையாண்ட முறை கண்ணாடித் துண்டு. மெல்லிய கண்ணாடியை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரு முனையையும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவைப்போம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். கண்ணாடி உடைந்தால் அசைந்தது என்று தெரியும், எந்தப் பக்கம் எவ்வளவு என்று தெரியாது. அதைவிட நல்லது விரிசலின் ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் ஒன்றுமாக மூன்று பித்தளைக் குமிழ்களைப் பதித்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தை வெர்னியரால் மாதாமாதம் அளப்பது. விரிசல் அகலுகிறதா, ஒரு பக்கம் கீழே இறங்குகிறதா என்பது இரண்டும் அதில் தெரிந்துவிடும். வேலை ஐந்து நிமிடம். ஏட்டில் எழுதிவைக்கும் பழக்கம்தான் அரிது.

பைசா கோபுரத்து ஏடு

ஏட்டின் அருமைக்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி இத்தாலியின் பைசா கோபுரம். 1173-இல் தொடங்கியது, கட்டும்போதே சாய்ந்தது. எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒன்று, 1911-லிருந்து ஆண்டுதோறும் தியோடலைட் வைத்து அதன் சாய்வை அளந்து எழுதிவந்தார்கள் என்பது.

அந்த ஏட்டைப் புரட்டினால் மனிதன் செய்த ஒவ்வொரு காரியமும் அதில் பதிந்திருக்கிறது. 1934-இல் முசோலினி காலத்தில் கோபுரத்தை நிமிர்த்துகிறோம் என்று அஸ்திவாரத்தில் சிமெண்டுக் கலவையைச் செலுத்தினார்கள். சாய்வு குறையவில்லை, கூடியது. 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் சுற்றுவட்டாரத்தில் ஆழ்கிணறுகளிலிருந்து தண்ணீர் இறைத்தபோது சாய்வின் வேகம் கூடியது. கிணறுகளை மூடியதும் வேகம் குறைந்தது. அளவு ஏடு இல்லாவிட்டால் கிணற்றுக்கும் கோபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாதாடிக்கொண்டே இருந்திருப்பார்கள். போர்வெல் இல்லாத தெருவே இல்லை என்றாகிவிட்ட நம் ஊர்களுக்கு இது படிக்க வேண்டிய பாடம்.

1989-இல் இத்தாலியிலேயே பாவியா நகரத்தில் ஒரு பழைய மணிக்கூண்டு திடீரென்று இடிந்து நாலு பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தைப் பூட்டினார்கள். 1995 செப்டம்பரில் ஒரு சீரமைப்பு வேலையின்போது, ஓராண்டில் நகரும் தூரத்தைக் கோபுரம் ஒரே இரவில் நகர்ந்தது. அளவுக்கருவிகள் காட்டிக்கொடுத்ததால் உடனே வேலையை நிறுத்தி, மேடான பக்கத்து அடித்தளத்தில் ஈயக்கட்டிகளைக் கூடுதலாக அடுக்கிப் பிடித்து நிறுத்தினார்கள். கடைசியில் செய்த வைத்தியம் மிக எளிது. சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாகத் துருவி எடுத்தார்கள். ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் கோபுரம் என்ன செய்கிறது என்று அளந்துகொண்டே எடுத்தார்கள். சுமார் அரை டிகிரி நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். அளவு இல்லாமல் செய்த வைத்தியம் நோயைக் கூட்டியது, அளந்து செய்த வைத்தியம் பிழைக்க வைத்தது.

காளஹஸ்தியும் ஸ்ரீரங்கமும்

நம் பக்கத்துக்கு வருவோம். காளஹஸ்தி ராஜகோபுரம் 1516-இல் கிருஷ்ணதேவராயர் எடுத்தது. ராகு கேது பரிகாரத்துக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்கள் பலர் அதன் கீழே நடந்திருப்பார்கள். 2010 மே 26 இரவு அது மொத்தமாகச் சரிந்து விழுந்தது. விரிசல் பெரிதாவதைக் கண்டு சுற்றியிருந்தவர்களை முன்னதாகவே வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. கோபுரம் கடைசி நேரத்தில் உரக்கச் சொல்லியது, கேட்டவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அதற்கு முன் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கேட்டிருந்தால், ஐந்நூறு வருடக் கோபுரத்தையே காப்பாற்றியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. இன்று அங்கே நிற்பது புதிதாகக் கட்டியது.

2023 ஆகஸ்டில் ஸ்ரீரங்கத்தில் கிழக்கு வாசல் கோபுரத்தின் முகப்பில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நள்ளிரவுக்குப் பின் நடந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. பகல் நேரமாக இருந்திருந்தால் நினைத்துப் பார்க்க முடியாது. எப்போதும் ஆள் நடமாடும் வாசல் அது.

பழையதுதான் விழும் என்பதும் இல்லை. 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்றைய கருவிகள்

நான் வேலையில் சேர்ந்தபோது கோணத்துக்கு ஒரு கருவி, தூரத்துக்குச் சங்கிலி, உயரத்துக்கு இன்னொரு கருவி. இன்று டோட்டல் ஸ்டேஷன் என்ற ஒரே கருவி மூன்றையும் செய்கிறது. சுவரில் சிறு கண்ணாடிப் பிரிசங்களை ஒட்டிவிட்டால், மோட்டார் பொருத்திய கருவி தானே திரும்பித் திரும்பி ஒவ்வொன்றையும் அளந்து கணினிக்கு அனுப்பும். சென்னையில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியபோது, 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகை போன்ற பழைய கட்டடங்களின் ஓரமாகத் தோண்ட வேண்டியிருந்தது. கட்டடங்களில் அளவுக்குறிகளைப் பொருத்திக் கண்காணித்தபடிதான் அந்த வேலை நடந்தது. லேசர் ஸ்கேனர் வைத்தால் கோபுரத்தின் ஒவ்வொரு சுதைச் சிற்பமும் கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பதிவாகிவிடும்.

செயற்கைக்கோளில் இருக்கும் ராடார் அதற்கும் ஒருபடி மேலே. ஒரே ஊரின் மேல் மறுபடி மறுபடி பறந்து, எதிரொலியை ஒப்பிட்டு, தரை எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று சொல்லிவிடும். உத்தரகாண்டின் ஜோஷிமட் நகரத்தில் வீடுகள் வெடித்தபோது, 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் அளந்து வெளியிட்டது. சில நாளில் அந்த அறிக்கை பொதுப் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டது. மக்கள் பயந்துவிடக்கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம். ஆனால் அளவு யாருக்காக எடுக்கப்படுகிறது? அந்த வீட்டுக்குள் படுத்திருப்பவருக்காகத்தானே?

நம் ஊரில் என்ன செய்யலாம்?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நம் மாவட்டத்தை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் மாவும் போன கணக்கை எடுத்தோம். அன்று அசைந்த கோபுரம், மதில், பழைய பள்ளிக்கூடச் சுவர் பற்றிய கணக்கு எத்தனை ஊரில் இருக்கும்? புயலுக்கு முந்தைய அளவு இருந்தால்தானே பிந்தைய அளவை ஒப்பிட முடியும்?

நம் கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியும் கும்பாபிஷேகமும் நடத்தும் மரபு இருக்கிறது. அந்தச் சமயத்தில் சாரம் கட்டுகிறோம், மேலே ஏறுகிறோம். அளப்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? விரிசலைச் சிமெண்டால் பூசி, மேலே பளிச்சென்று வண்ணம் அடித்துவிடுகிறோம். பூச்சுக்குக் கீழே விரிசல் இருந்த இடமே மறைந்துபோகிறது. அடுத்த 12 ஆண்டில் அதே இடத்தில் விரிசல் வந்தால், அது புதிது என்றே நினைப்போம். பூசுவதற்கு முன் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, அகலத்தையும் தேதியையும் எழுதிவைத்தால் போதும், அடுத்த தலைமுறைக்கு அது ஒரு சொத்து.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பக்கத்துப் பாறையில் இரண்டு மூன்று குமிழ்கள், கோபுரத்தின் அடியில் நாலு மூலையிலும் நாலு குமிழ்கள், மேலே நாலு குறிகள். சர்வே பாடம் படிக்கும் மாணவர்களை ஆசிரியரோடு அழைத்து வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன் ஒன்று மழைக்குப் பின் ஒன்று, அளக்கச் சொல்லலாம். அவர்களுக்கும் பயிற்சி. தொல்லியல் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் யாரும் தன்னிச்சையாகக் குமிழ் பதிக்கக்கூடாது, உரிய அனுமதி வேண்டும். ஊர்க் கோயில், பழைய சத்திரம், பள்ளிக்கூடம் போன்றவற்றில் பொறுப்பில் இருப்பவர்கள் மனது வைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம்.

குமிழ்கூட வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் ஒரு சிறு கோடும் தேதியும் போடுங்கள். ஆறு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுச் சுவருக்கும் இது பொருந்தும்.

ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் போல வேலை செய்ய முடியாது என்று அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தத்திலேயே விதிவிலக்குக் கேட்பார்கள் என்று சொல்வார்கள். இனிமேல் அப்படி ஒன்றைச் செய்ய நம்மால் ஆகாது. இருப்பதை விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும், வருடத்தில் இரண்டு விடியற்காலைகளும் போதும்.

உங்கள் ஊரில் பழைய சுவர் எதிலாவது தேதி எழுதிய கண்ணாடித் துண்டோ, பாறையில் ஜி.டி.எஸ். என்ற குறியோ பார்த்த நினைவிருந்தால் எழுதுங்கள். இடத்தைக் குறித்துவைத்துக்கொள்கிறேன். அந்தத் தேதி 40, 50 வருடம் பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் அளவு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.